அரை மணி நேரத் தனிமை: இணையவழி மனநல ஆலோசனையும் நம் குடும்பங்களும்

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை. காரணங்களின் வரிசையில் முதலிடம் ‘குடும்பப் பிரச்சினை’க்கு: 31.7 விழுக்காடு. அடுத்து வரும் நோய் 18.4 விழுக்காடுதான். திருமணம் தொடர்பான சிக்கல்கள் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. அவற்றுக்குத் தனித் தலைப்பு உண்டு. காவல் நிலையப் பதிவேட்டில் ஒற்றை வரியில் எழுதப்படும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். எந்த உயிரும் ஒரே காரணத்தால் போவதில்லை. கடன், குடி, கவனிக்கப்படாத மனச்சோர்வு எல்லாம் அந்த ஒரு தலைப்புக்குள் புதைந்திருக்கும். ஆனாலும் குடும்பம் என்ற சொல் அந்தப் பட்டியலின் உச்சியில் நிற்பதை எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

குடும்பப் பிரச்சினைக்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சைக்கே போகவில்லை. இது, நோய் என்று பெயர் வைக்க முடிந்தவற்றின் கணக்கு. பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவர் கடன் வாங்கியது மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிகிறது. வரன் அமையாத மகளைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா பெருமூச்சு விடுகிறார். மாமியாருக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது, அதைச் சொன்னால் மகனுக்குக் கோபம் வருகிறது. இவற்றை எந்த ஆய்வு எண்ணியது? “டென்ஷனா இருக்கு”, “மண்டை வெடிக்குது”, “யார்கிட்டயும் சொல்ல முடியல” என்ற அளவிலேயே இவை நின்றுவிடுகின்றன. இணையவழி ஆலோசனை கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான். கைகொடுக்கவும் முடியும். ஆனால் அது செயலியின் திறமையைப் பொறுத்து நடப்பதல்ல. பேச வேண்டியவருக்கு அரை மணி நேரத் தனிமை கிடைக்கிறதா, எதிர்முனையில் கேட்பவர் யாருக்காவது பொறுப்புச் சொல்லக் கடமைப்பட்டவரா என்ற இரண்டு கேள்விகளைப் பொறுத்தே நடக்கும் என்பது என் துணிபு.

முகம் தெரியாதவரிடம் மனசு விட்டுப் பேசுவது நமக்குப் புதிதல்ல. தினமலர் வாரமலரில் எழுத்தாளர் அனுராதா ரமணன் நடத்திய ‘அன்புடன் அந்தரங்கம்’ பகுதிக்குப் பெயர் சொல்ல விரும்பாத எத்தனையோ பெண்கள் தங்கள் வீட்டுக் கதையை எழுதி அனுப்பினார்கள். தொலைக்காட்சியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம், கணவன் மனைவி பேசவே கூசும் விஷயங்களை நாட்டுக்கே கேட்கும்படி பேசினார். பெயரை மறைத்துக்கொள்ளும் வசதி கிடைத்தால் தமிழர்கள் பேசுவார்கள் என்பதற்கு அந்தக் கடிதங்களே சான்று. ஆனால் கடிதத்துக்கு ஒரு பதில்தான் வரும். “நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன், அவர் இன்னும் மோசமாகிவிட்டார், இப்போது என்ன செய்ய?” என்ற இரண்டாவது கேள்விக்கு அங்கே இடமில்லை. ஆலோசனை என்பதே அந்த இரண்டாவது கேள்வியில்தான் தொடங்குகிறது.

தொலைபேசி அந்த இடத்தைத் தந்தது. 1953இல் லண்டனில் சாட் வரா என்ற பாதிரியார், உயிரை விட நினைப்பவர்கள் அழைப்பதற்காகத் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சமாரிடன்ஸ் அமைப்பு. கொழும்பில் 1974இல் சுமித்ரயோவும், சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் முயற்சியால் 1986இல் சினேகாவும் பிறந்தன. தன்னார்வலர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், விஷயத்தை வெளியே விடமாட்டார்கள் என்ற ஒழுக்கத்தை இவை வளர்த்தெடுத்தன. இன்று திரையில் நடக்கும் நல்ல ஆலோசனைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒழுக்கமே.

திரைவழி மனநல சிகிச்சையில் தமிழ்நாட்டுக்குப் பலர் மறந்துவிட்ட ஒரு முன்வரலாறு உண்டு. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதி மக்களுக்குக் காணொளி வழியே மனநல உதவி அளிக்கத் தொடங்கியது. 2010இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தையே அனுப்பியது. பேருந்துக்குள் திரை, கூடவே மருந்தகம். நோயாளி ஏறி உட்கார்ந்தால் எதிரே திரையில் சென்னை மருத்துவர் தெரிவார். பேசி முடித்து இறங்கும்போது கையில் மருந்து இருக்கும். அந்தத் திட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படுவது அதன் தொழில்நுட்பம் அன்று. கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் இடம் வேண்டும் என்பதை அந்தப் பேருந்து தன் அமைப்பிலேயே கணக்கில் எடுத்திருந்தது. பின்னால் வந்த செயலிகள் அந்த இடத்தைப் பயனாளியே ஏற்பாடு செய்துகொள்வார் என்று விட்டுவிட்டன.

கொரோனா எல்லாவற்றையும் விரைவுபடுத்தியது. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளியாயின. அதுவரை தெளிவில்லாமல் இருந்த காணொளி ஆலோசனை ஒரே நாளில் முறையான மருத்துவமானது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, ஒன்றிய அரசு டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல சேவையைத் தொடங்கியது. எண் 14416. நிம்ஹான்ஸ் தலைமை மையம், தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் நடக்கிறது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது மாவட்ட மனநலத் திட்டத்துக்கு நேரில் அனுப்பிவைப்பார். 2024இல் காணொளி வசதி முதற்கட்டமாகத் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2025 முடிவதற்குள் நாடெங்கும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்துவிட்டன. அழைப்பவர்கள் அதிகம் சொல்வது தூக்கமின்மை, மனம் கனத்துப்போவது, மன அழுத்தம், பதற்றம் ஆகியவற்றைத்தான். ஆனாலும் பைத்தியம் பிடித்தவர்களுக்கான எண் இது என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திரையில் பேசினால் குணமாகுமா? இந்தக் கேள்விக்கு ஆய்வுகளின் பதில் பொதுவாக நம்பிக்கை தருவதே. சுவீடனின் பெர் கார்ல்பிரிங் குழுவினர் 2018இல் 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒருவரின் வழிகாட்டுதலுடன் இணையத்தில் அளிக்கப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சை, நேரில் அளிக்கப்படும் அதே சிகிச்சைக்கு ஏறக்குறைய நிகரான பலனைத் தந்தது. ‘ஒருவரின் வழிகாட்டுதலுடன்’ என்பதைக் கோடிட்டுப் படிக்க வேண்டும். ஆளே இல்லாமல் பாடங்களை மட்டும் கொடுக்கும் திட்டங்களில் பாதியில் விட்டுவிடுவோர் மிகுதி. குழந்தை வளர்ப்பில், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ சாண்டர்ஸ் குழுவினர், அடம், முரட்டுத்தனம் மிக்க சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கு இணையத்தில் 8 பாடங்கள் கொடுத்து 2012இல் முடிவை வெளியிட்டனர். பிள்ளைகளின் நடத்தையும் பெற்றோரின் கோபமும் இரண்டுமே தணிந்திருந்தன.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று கோவாவில் இருக்கிறது. மனநல ஆய்வாளர் விக்ரம் பட்டேலின் குழுவினர், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் 6 முதல் 8 அமர்வுகள் பேச வைத்தனர். ஏறத்தாழ 500 பேர் பங்கேற்ற இந்த ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினர் மீண்டார்கள். இந்த ஆலோசனையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 64 விழுக்காடு. பெண்கள் மீதான கணவரின் வன்முறையும் குறைந்திருந்தது. இது நேரில் நடந்த ஆலோசனை. ஆனாலும், ஒழுங்கான பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் இருந்தால் நல்ல ஆலோசனையைப் பட்டதாரிகள் மட்டுமே தர வேண்டியதில்லை என்பதை அது நிறுவியது. 14416 போன்ற சேவைகள் நிற்பது இந்த அடித்தளத்தின் மீதுதான்.

இனி, பேசத் தனிமை கிடைக்கிறதா என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். இரண்டு அறை வீடு. மாலை நான்கு மணி. ஒரு பெண் துணி எடுக்கும் சாக்கில் மொட்டை மாடிக்கு வந்து ஆலோசகரை அழைக்கிறார். முதல் பத்து நிமிடம் பிள்ளையின் படிப்பு. பிறகுதான் கணவரின் பெயர் வருகிறது. குரல் தணிகிறது. சொல்லவந்ததன் விளிம்புக்கு வரும்போது படியில் காலடிச் சத்தம். “சரிக்கா, அந்த ரெசிபியை அப்புறம் கேட்டுக்கறேன்” என்று இணைப்பைத் துண்டித்துவிடுகிறார். அனுபவமுள்ள ஆலோசகருக்கு அந்த வாக்கியம் புரியும். திரும்ப அழைக்க மாட்டார், அழைத்தால் ஆபத்து. குறுஞ்செய்தியும் அனுப்ப மாட்டார். அந்தப் பெண்ணே மீண்டும் அழைக்கட்டும் என்று காத்திருப்பார். அனுபவமில்லாத நிறுவனமோ, “உங்கள் அமர்வு பாதியில் நின்றது, தொடர இங்கே சொடுக்குங்கள்” என்று அவருடைய எண்ணுக்குச் செய்தி அனுப்பும். அந்தப் போனை அடுத்துக் கையில் எடுப்பவர் கணவராக இருக்கலாம்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த இந்தியப் பெண்கள் 54 விழுக்காடு. ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1. அதன்பின் இந்த எண்கள் உயர்ந்திருக்கும். ஆனால் சொந்தமாகப் போன் இருப்பது வேறு, அதன் பூட்டுக் குறி வீட்டில் வேறு யாருக்கும் தெரியாமல் இருப்பது வேறு. ஊரடங்கின்போது தேசிய மகளிர் ஆணையம் குடும்ப வன்முறைப் புகார்களுக்காக வாட்ஸ்அப் எண் ஒன்றைத் திறந்தது. கொடுமை செய்பவரும் அதே வீட்டில் நாள் முழுக்க இருக்கும்போது வாய்விட்டுப் பேச முடியாதவர்களுக்கு எழுத்து ஒன்றே வழி. அந்தப் பாடத்தை ஆலோசனைச் சேவைகள் இன்னும் முழுதாகக் கற்கவில்லை. காணொளிதான் உயர்ந்தது, குரல் அதற்குக் கீழே, எழுத்து கடைசி என்று கட்டணப் பட்டியல்கள் வரிசைப்படுத்துகின்றன. நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாகவே இருக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் தட்டச்சு செய்யும் ஒரு பெண்ணுக்கு உதவ முடியாத காணொளிச் சேவையால் யாருக்கு லாபம்?

குடும்பத்தை விலக்கிவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. 1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது. வீட்டார் கூடவே சமைத்து, கூடவே கற்று, கூடவே மாறினார்கள். உலகமே திரும்பிப் பார்த்த முறை அது. நம் ஊர் வேதனை ஒருவரின் தலைக்குள் மட்டும் இருப்பதில்லை. இருவருக்கிடையே, மூவருக்கிடையே இருக்கிறது. அதை அறிந்த மருத்துவம் அது. ஒரு பயனாளி, ஒரு கடவுச்சொல், ஒரு கட்டணம் என்று அமைந்த செயலிகளில் இந்த அறிவு காணாமல் போயிருக்கிறது. தனியாகப் பேச இடம் வேண்டும். உரிய நேரத்தில் மற்றவர்களையும் உள்ளே அழைக்கும் கைப்பக்குவமும் வேண்டும்.

அந்தக் கைப்பக்குவத்தில் திரைக்கு ஒரு பெரும் பலம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மகன், தஞ்சைப் பக்கத்து ஊரில் அம்மா, துபாயில் அப்பா. இப்படிப்பட்ட குடும்பங்களை ஓர் அறையில் உட்கார வைக்க எந்த ஆலோசகராலும் முடியாது, திரையால் முடியும். அம்மா தொடங்குகிறார்: “நாள் முழுக்கப் போன்தான் மேடம். பிடுங்கி வெச்சா சாப்பிட மாட்டேங்கறான்.” நல்ல ஆலோசகர் உடனே அட்வைஸ் செய்வதில்லை. “நேத்து ராத்திரி எப்படி ஆரம்பிச்சது? போனை வாங்கறதுக்கு முன்னால என்ன பேசினீங்க?” என்று அந்தப் பத்து நிமிடங்களை மட்டும் விரித்துக் கேட்பார். அப்பாவின் தினசரி அழைப்பு ஒன்பது மணிக்கு வருகிறது, அதில் அவர் மகனிடம் கேட்பது மார்க் மட்டுமே, அந்த அழைப்பு முடிந்த கையோடு சண்டை தொடங்குகிறது என்பது தெரியவரும். போனைப் பற்றிய சண்டை போனைப் பற்றியதே இல்லை. அப்போது அப்பாவிடம் சொல்லப்படும் வேலை சிறியது: ஒரு வாரம் மார்க்கைப் பற்றிக் கேட்காமல் வேறு எதையாவது கேளுங்கள். அடுத்த வாரம் என்ன நடந்தது என்று மூவரும் சொல்ல வேண்டும்.

திரை தவறவிடுவதும் உண்டு. நேரில் வந்தால் பையன் வாசலுக்கு அருகில் உள்ள நாற்காலியைத் தேர்ந்தெடுப்பான். அம்மா பேசும்போது அவன் விரல்கள் என்ன செய்கின்றன என்று தெரியும். மூன்று சதுரங்களில் கழுத்துக்கு மேல் மட்டுமே தெரியும். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது தெரியாது. கேமராவுக்குப் பின்னால் நின்று பாட்டி சைகை காட்டுவதும் தெரியாது. அதனால்தான் தேர்ந்த ஆலோசகர்கள் ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில், “உங்க பக்கத்துல இப்ப யார் இருக்காங்க?” என்று கேட்கிறார்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் பதில் சொல்லும்படி கேள்வியை அமைப்பதும் அவர்கள் கற்றுக்கொண்டதே.

இரண்டாவது கேள்வி, எதிர்முனையில் இருப்பவர் யார் என்பது. மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைச் சரிபார்க்க முடியும். ஆலோசகர் என்ற பெயருக்கோ நெடுங்காலம் எந்த வரையறையும் இருந்ததில்லை. 2021இல் வந்த இணை மருத்துவ, சுகாதாரத் தொழிலாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆனால் அந்தப் பதிவுமுறை இன்னும் வேர்பிடிக்கவில்லை. இதனால் வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும், இரண்டாண்டு முதுகலை முடித்து மேற்பார்வையில் பயின்றவரும் ஒரே பெயரோடு விளம்பரம் செய்கிறார்கள். காசு கொடுப்பவருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை. இது அநியாயம். கால் எலும்பு முறிந்தவர் மருத்துவரின் பட்டத்தைப் பார்க்க முடியும். மனம் முறிந்தவருக்கு அந்த உரிமை இல்லை.

சொன்னது எங்கே போகிறது என்பதும் இதே கேள்வியின் மறுபாதி. அமெரிக்காவின் பெரிய இணையவழி ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், ரகசியம் காப்பதாகச் சொல்லிவிட்டு வாடிக்கையாளர் தகவல்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அந்நாட்டு வணிக ஆணையம் 2023இல் குற்றம்சாட்டியது. 78 லட்சம் டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. பின்லாந்தில் நடந்தது இன்னும் கொடியது. வஸ்தாமோ என்ற மனநலச் சிகிச்சை நிறுவனத்தின் ஆவணங்கள் திருடப்பட்டு, 2020இல் நோயாளிகளுக்கே நேரடியாகப் பணம் கேட்டு மிரட்டல் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 33,000 பேர். அவர்கள் சிகிச்சையாளரிடம் மட்டும் சொன்னவை திருடனின் கையில் இருந்தன. நம் நாட்டில் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பின்னதில் மருத்துவத் தகவலுக்கென்று தனிப் பிரிவு இல்லை என்பது பெருங்குறை.

இப்போது மனிதரே இல்லாத எதிர்முனையும் வந்துவிட்டது. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்ற சிறு நிரலை எழுதினார். சொன்னதைத் திருப்பிக் கேள்வியாகக் கேட்பதைத் தவிர அதற்குப் பெரிதாக எதுவும் தெரியாது. அது எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே அதனுடன் பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில், வைசன்பாமை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். அந்த நிகழ்ச்சி வைசன்பாமை வாழ்நாள் முழுக்கக் கலங்கவைத்தது. எனக்கோ அதில் வேறொன்றும் தெரிகிறது: கேட்க ஆளில்லாதவருக்குத் தனிமை எவ்வளவு தேவைப்படுகிறது! இன்றைய செயற்கை நுண்ணறிவு நிரல்கள் அழகான தமிழில் ஆறுதல் சொல்கின்றன. நள்ளிரவில் அது சிலருக்குத் துணையாகவும் இருக்கலாம். ஆனால் படியில் காலடிச் சத்தம் கேட்டு நின்றுபோன உரையாடலை நினைத்து அது கவலைப்படாது; தவறாக வழிகாட்டினால் பதில் சொல்ல அதற்கு மன்றமும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. குடும்பத்தை உடைக்கவும் சேர்க்கவும் வல்ல முடிவுகளை அதனிடம் கேட்டு எடுப்பதை நான் ஏற்கவில்லை.

ஆலோசனையே பொருந்தாத இடங்களும் உண்டு. அடி விழும் வீட்டில் கணவனையும் மனைவியையும் ஒரே திரையில் உட்காரவைத்து ‘புரிதல்’ ஏற்படுத்த முயல்வது கொடுமை. அமர்வில் மனைவி சொன்னதற்கு, இணைப்பு நின்றபின் அவர்தான் விலை கொடுப்பார். அங்கே வேண்டியது 181 பெண்கள் உதவி எண்ணும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. உயிரை விடும் எண்ணம் இருப்பவரிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் ஒதுக்குவதும் தவறு. அன்றே நேரில் ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும்.

காசு கொடுத்துப் பேசப் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்: உங்கள் படிப்பு என்ன, பதிவு எண் உண்டா, உங்களை மேற்பார்வை செய்பவர் யார், எங்கள் பேச்சைப் பதிவு செய்கிறீர்களா, இணைப்பு அறுந்தால் என்ன செய்வீர்கள்? நல்ல ஆலோசகர் இவற்றுக்கு முகம் சுளிக்க மாட்டார். அரசுக்கு ஒரு வேண்டுகோள்: ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நூலகத்திலும் கதவு சாத்தக்கூடிய ஒரு சிறு அறையும் ஒரு திரையும் வையுங்கள். புதுக்கோட்டைப் பேருந்தில் இருந்த அறை ஊருக்கு ஒன்று வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று: உங்கள் வீட்டில் யாராவது போனை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் தனியாகப் பேசிவிட்டு வருகிறேன் என்றால், யாரிடம், எதற்கு என்று கேட்காமல் அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள். 14416 எண்ணில் 24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழில் பேசலாம்.